வளைவுக்கு வெளியே

கூக்கால்
ஜூன் 16, 2024

அன்புள்ள மாமாவுக்கு,

தாரணி எழுதுகிறேன். நான் நலம். உங்கள் நலமும், அத்தையின் மூட்டுவலி தேவலையா என்பதும் அறிய ஆவல். மழை பிடித்துக்கொண்டதால் இங்கே டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட்டால் பதில் வருவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. அதனால் கடிதமே போதும் எனக்கு.

ஒன்பதாம் வகுப்புக்கு இயக்கம் பாடம் தொடங்கியிருக்கிறேன். ஓடுகிற பொருள் தானாக நிற்காது, நிறுத்த ஒரு விசை வேண்டும் என்றேன். தமிழ்மதி என்று ஒரு பெண், எழுந்து, "உருட்டிவிட்ட உருளைக்கிழங்கு தன்னால நிக்குதே டீச்சர், அத யாரு பிடிச்சா?" என்று கேட்டாள். தரைதான் பிடித்தது, அதன் பெயர் உராய்வு என்று புரியவைக்க ஒரு பீரியட் போய்விட்டது. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முத்துராஜ் தம்பி வண்டியில் காரட் ஏற்ற வந்தபோது, அத்தை கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியைத் தந்தார். நீங்கள்தான் ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை.

உங்கள்
தாரணி


பழனி
ஜூன் 24, 2024

அன்புள்ள தாரணிக்கு,

சிவமுருகன் எழுதுவது. அம்மாவுக்குப் பரவாயில்லை. கடையில் முகூர்த்த நாள் கூட்டம், பாத்திரத்துக்குப் பெயர் வெட்டவே ஆள் போதவில்லை. ஒன்றும் கொடுத்தனுப்பாததற்கு அதுதான் காரணம். இந்த முறை ஒரு ஃபிளாஸ்க் அனுப்புகிறேன். அந்தக் குளிரில் வெந்நீர் குடி.

ஒரு நல்ல சேதி. தம்பி முத்துவுக்கு ஆயக்குடியில் பெண் முடிவாகிவிட்டது. பெயர் ஸ்வேதா. ஆவணியில் கல்யாணம். அவனும் முன்போல இல்லை, பொறுப்பாக இருக்கிறான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மற்ற வண்டிகளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று வெள்ளனே கிளம்பி ஓடுகிறான்.

இடமாறுதல் கலந்தாய்வு வருகிறதாமே. பழனிப் பக்கம் கேள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் சேர்ந்து இருந்தது லீவு நாளில் மட்டும்தான் என்று அம்மா சொல்கிறாள். அம்மா மட்டும் சொல்லவில்லை.

அன்புடன்
சிவமுருகன்


கூக்கால்
ஜூலை 9, 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று போனில் ஒரே இரைச்சல், ஒன்றையும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று காலை பஸ் வரவில்லை. மேல்காட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் மூன்று பேரைத் தம்பிதான் இரக்கப்பட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார். காரட் மூட்டைகள், அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் பிள்ளைகள். நான் ஏரிக்கரை வளைவில் நடந்து வந்துகொண்டிருந்தேன். இறக்கத்தில் வண்டி வேகமாக வந்து இடப்பக்கம் திரும்பியது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். தமிழ்மதி புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி வளைந்து போய்விட்டது. அவள் நேரே போய் எதிர்ப்பக்கப் பூண்டு வயலில் விழுந்தாள்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. கொடைக்கானலில் முதலுதவி செய்து திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பிதான் அவளை வண்டிக்குத் தூக்கி வந்தார். "அண்ணி, நான் மெதுவாத்தானே வந்தேன்? நீங்க பாத்தீங்கல்ல?" என்றார். அவளுடைய பையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

உங்கள்
தாரணி


பழனி
ஜூலை 14, 2024

அன்புள்ள தாரணிக்கு,

இங்கே யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வளைவுக்கு முன்னாலேயே, வீட்டுக்குத் திரும்பிப் போவதற்காக அந்தப் பெண் தானே பின்பக்கம் குதித்துவிட்டாள் என்று முத்து போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறான். கூட இருந்த பிள்ளைகள் பயந்துபோய், பார்க்கவில்லை என்கிறார்கள். வழக்கு அவன்மேல் திரும்பினால் லைசென்ஸ் போகும். ஆயக்குடிக்காரர்கள் இப்போதே பேச்சைக் குறைத்துவிட்டார்கள்.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று மட்டும் சொல். அவன் வேண்டுமென்றா செய்தான்? பஸ் இல்லாமல் நின்ற பிள்ளைகளுக்கு நல்லது செய்யப் போய்த்தானே இது? "தாரணி நம்ம வீட்டுப் புள்ள, விட்டுக்குடுத்துருவாளா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் என்ன சொல்ல?

சிவமுருகன்


கூக்கால்
ஜூலை 21, 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தம்பி கெட்டவர் என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் இங்கே ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? பரீட்சைக்குப் பயந்து குதித்தாளாம். வீட்டுக்குத் தெரியாமல் யாரையோ பார்க்கப் போகக் குதித்தாளாம். பதினாலு வயதுப் பிள்ளை. அவள் அம்மா சண்முகசுந்தரி, ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்துபோகும் நாளில்கூட, பூண்டு உரிக்கும் இடத்துக்கு இப்போது போவதில்லை. அங்கே அந்தப் பேச்சுத்தான் ஓடுகிறதாம்.

வியாழக்கிழமை வகுப்பில் சக்திவேல் என்ற பையன் கேட்டான்: "டீச்சர், குதிச்சா எங்குட்டு விழுவாங்க?" தமிழ்மதியோடு வண்டியில் வந்தவன் அவன். நான் ஒரு பலகைக்குச் சக்கரம் கட்டி, மேலே ஒரு கிழங்கை வைத்து, அவனையே தள்ளச் சொன்னேன். மெதுவாகத் திருப்பியபோது கிழங்கும் கூடவே திரும்பியது. பலகையை நனைத்து வேகமாகத் தள்ளித் திருப்பினான். பலகை திரும்பியது, கிழங்கு நேரே போய்ச் சுவரில் மோதியது. யாரும் சிரிக்கவில்லை. வண்டியை ரோடு பிடித்துத் திருப்பியது. மூட்டையைக் கயிறு பிடித்துத் திருப்பியது. மழையில் வழுக்கும் தார்ப்பாயில் அவளைப் பிடித்துத் திருப்ப ஒன்றும் இல்லை. வளைவுக்கு முன்னால் பின்பக்கம் குதித்திருந்தால் ரோட்டில் கிடந்திருப்பாள். வளைவுக்கு வெளியே வயலில் கிடந்திருக்க மாட்டாள்.

சக்திவேல் அழுதுவிட்டான். "அவ குதிக்கல டீச்சர். என் கையப் பிடிக்கத்தான் வந்தா" என்றான்.

வெள்ளிக்கிழமை என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். தம்பிதான் அவளைத் தூக்கிக் கொண்டுபோய்க் காப்பாற்றினார் என்பதையும் எழுதச் சொன்னேன். அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கோபம் என்றால் எனக்கு எழுதுங்கள். எழுதாமல் இருக்க வேண்டாம்.

உங்கள்
தாரணி


பழனி
ஜூலை 26, 2024

தாரணிக்கு,

நீ வாக்குமூலம் கொடுத்தது, முத்துவோடு அம்மாவும் ஸ்டேஷனில் போய் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

சிவமுருகன்


பழனி
ஆகஸ்ட் 18, 2024

தாரணிக்கு,

அவசர சோலியாகத் திண்டுக்கல் போயிருந்தேன். முத்துவும் வந்தான். திரும்பும்போது அவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். வாசல்வரை வந்துவிட்டு, "நீ போயிட்டு வாண்ணே" என்று வெளியே நின்றுகொண்டான்.

அந்தப் பெண் கம்பியைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவள் அம்மா எழுந்து நின்றாள். பிள்ளை என்னைப் பார்த்து, "சார், நான் குதிக்கலைங்க" என்றாள். "தெரியும்மா" என்றேன்.

வெளியே வந்து முத்துவிடம் சொன்னேன். மறுநாள் அவனே ஸ்டேஷனுக்குப் போய், வேகமாக வந்ததாக ஒப்புக்கொண்டான். கல்யாணத்தைத் தையில் பார்க்கலாம் என்று ஆயக்குடியில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு உன்மேல் கோபம் இல்லை. "அண்ணி பாத்ததத்தான சொன்னாங்க" என்கிறான்.

நீ செய்தது சரி. அது எனக்குத் தெரிகிறது. ஆனால் உன்னை நினைத்தால் ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் அம்மா நின்றதுதான் முதலில் வருகிறது. இது எப்போது போகும் என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் நீ அங்கேயே இரு. நான் இங்கே இருக்கிறேன்.

சிவமுருகன்


கூக்கால்
ஆகஸ்ட் 25, 2024

மாமா,

கடிதம் கிடைத்தது. தம்பியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

தமிழ்மதியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனதைச் சண்முகசுந்தரி இந்த ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். "டீச்சர் வீட்டுக்காரரே வந்து 'தெரியும்மா'ன்னு சொல்லிட்டாருல்ல, இனி யாரு என்ன பேசுவா?" என்று கேட்கிறாள். பூண்டு உரிக்கவும் போகத் தொடங்கிவிட்டாள்.

அந்த ஒரு சொல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நீங்கள் சொன்னபடி இங்கேயே இருக்கிறேன். அது கொஞ்ச நாளா என்பதை இனி நீங்கள் மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

தாரணி