திங்கட்கிழமை டோக்கன்

மேனாம்பேடு, அம்பத்தூர்
6-11-1994, ஞாயிறு

அன்புள்ள மகன் உத்தமனுக்கு அப்பா எழுதுவது. அம்மா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் அதை நீ கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்துகொள். பம்பாய்த் தண்ணீர் உன் தொண்டைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மறக்காமல் எழுது, போன கடிதம் முழுக்கக் கிதாரைப் பற்றியே எழுதியிருந்தாய், அது சௌக்கியம் என்று தெரிந்துகொண்டோம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, நகராட்சியில் போய்க் கேட்டால் தானாக வந்த தண்ணீர் தானாகப் போகும் என்று தத்துவம் சொல்கிறார்கள். அம்மா உனக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், பம்பாய் போகிற ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.

நீ அனுப்பிய தமிழ்ச் சங்க மலர் வந்தது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, தானே கேசட்டில் பதிந்து, தானே தோளில் பை மாட்டி விற்கும் பாடகர் என்று உன்னைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள். கேட்கிற வேலையை மட்டுமாவது பிறருக்கு விட்டாயே என்று நினைத்துக்கொண்டேன். அம்மா உன் படத்தை வெட்டிக் காலண்டர் அட்டையில் ஒட்டினாள். பாட்டுக்கு எப்படி வந்தீர்கள் என்ற கேள்விக்கு நீ சொன்ன பதிலை நான் மூன்று முறை படித்தேன். அம்பத்தூர்ப் பக்கம் சாவு வீடுகளில் கானா பாடித் தொடங்கியதாகவும், செத்துப்போன ஒருவருக்குக் கருமாதியில் பாடிய பாட்டு அவரை உயிரோடு எழுப்பிக் கூட்டி வந்துவிட்டதாகவும், அன்றைக்கே இனி இதுதான் வேலை என்று முடிவு செய்ததாகவும் சொல்லியிருக்கிறாய். மேடையிலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறாயாம், சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆகிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன், இனி வைத்திருக்க முடியாது.

உனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பத்தேழில் ஒரு திங்கட்கிழமை, அண்ணனூர் கேட்டுக்கு அப்பால் ஓர் ஆள் ரயிலில் அடிபட்டுக் கிடப்பதாகச் சொல்லி, அவன் சட்டைப் பையில் இருந்த பித்தளை டோக்கனைப் போலீஸ்காரர் நம் கம்பெனி டைம் ஆபீஸுக்கு எடுத்து வந்தார். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட வேண்டிய டோக்கன். நான்தான் எண்ணைப் படித்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு, மோல்டிங் பிரிவு துலுக்கானம், நம் அடுத்த தெரு. முகம் அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. காக்கிச் சட்டை கம்பெனி கொடுத்தது, முந்நூற்று ஐம்பது பேருக்கும் ஒன்றேதான். அவர் சம்சாரம் வேம்புலியம்மாள் ஒரு முறை பார்த்துவிட்டு மயங்கி விழுந்தாள், அதையே ஒப்புதலாக எழுதிக்கொண்டு உடலைக் கொடுத்துவிட்டார்கள். நீ வழக்கம்போல அந்த வீட்டில் உட்கார்ந்து, மனுஷன் என்ன சாப்பிடுவார், யாருக்கு என்ன செய்தார் என்று விவரம் கேட்டுப் பாட்டுக் கட்டிப் பதினாறாம் நாள் பாடினாய். பதினெட்டாம் நாள் துலுக்கானம் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றார். சம்சாரத்தோடு கோபித்துக்கொண்டு சிநேகிதன் லாரியில் பூனா வரை போய், திரும்பும் வழியில் திருப்பதியையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சாவக்கூட உருப்படியா தெரியலியாய்யா உனக்கு, பதினாறு நாளா ஊரக் கூட்டி அழுதுகினு கீறேன் என்று வேம்புலியம்மாள் விளக்குமாற்றை எடுத்ததும், பிறகு அதைப் போட்டுவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டதும் நீயே பார்த்தது. மறுநாளிலிருந்து உன் பாட்டு ஆளை எழுப்பும் பாட்டு என்று பேராகிவிட்டது. துலுக்கானத்தை அலுவலக முறைப்படி உயிரோடு கொண்டுவர எனக்கு மூன்று படிவமும் ஏழு கையெழுத்தும் தேவைப்பட்டன.

துலுக்கானம் என்று நாம் எரித்தது யாரை என்று நீ கேட்கவே இல்லை. இருபது வயது உனக்கு, யாரும்தான் கேட்கவில்லை. யாரோ வழிப்போக்கன், டோக்கனைத் திருடியிருப்பான் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குடிக்கிற துலுக்கானம் திங்கட்கிழமை எழுந்திருக்க மாட்டார், அவர் டோக்கனையும் சேர்த்துப் போடுகிறவன் அதே பிரிவில் வேலை செய்த கோவிந்தராஜ். போளூர்ப் பக்கத்துக்காரன், கல்யாணம் ஆகாதவன், கள்ளிக்குப்பத்தில் தனியாக அறை எடுத்திருந்தான். டோக்கன் பெட்டி என் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. ஒரு ஆள் கடந்து போவான், இரண்டு சத்தம் கேட்கும். ஐந்து வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே இருவருக்கும் ஆஜர் போட்டவன் நான். போலீஸ்காரர் மேஜை மேல் அந்த டோக்கனை வைத்தபோது, இது திங்கட்கிழமையாயிற்றே என்று மனசு சொன்னது. அதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும். எனவே எண்ணை மட்டும் படித்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் தண்டவாளத்து ஓரமாக நடந்தேன், ஜல்லிக்கு நடுவில் இன்னொரு டோக்கன் கிடந்தது, கோவிந்தராஜுடையது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய் அவன் பெயருக்கு நேரே தகவலின்றி வரவில்லை என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து, தானாக வேலையை விட்டுவிட்டதாகக் கருதிப் பெயர் நீக்கப்படுகிறது என்று அவன் ஊருக்குக் கடிதமும் எழுதினேன். என் கையெழுத்து எவ்வளவு அழகு என்று உனக்குத் தெரியும்.

கருமாதிப் பந்தலில் நீ பாடியபோது நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திங்கக்கெழம டோக்கன் போட்ட தங்கக் கையி எங்கே, துலுக்கானம் அண்ணே என்று நீ எடுத்ததும் பந்தலே அழுதது. அந்தக் கை யாருடையது என்று தெரிந்து அழுதவன் நான் ஒருவன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்றைக்கும் காலை ஏழே முக்காலுக்கு, காபி டம்ளர் கையில் இருக்கும்போது, அடுத்தடுத்து அந்த இரண்டு சத்தமும் கேட்கின்றன. முதலில் காதுக் கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் போனேன், வயசுக்கு மிக நல்ல காது என்றார்.

துலுக்கானத்துக்கும் தெரியாமல் இருக்குமா, டோக்கனைக் கொடுத்தவரே அவர்தானே. ஏழு வருஷம் தினமும் எதிரெதிரே வந்தோம், மழையைப் பற்றிப் பேசினோம். நீ அவரைக் குடிக்காத உத்தமர் என்று பாட்டில் எழுதிவைத்துவிட்டாய், சாவுப் பாட்டில் எல்லாருக்கும் எழுதுவதுதான், ஆனால் உயிரோடு இருந்து அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அன்றையிலிருந்து குடிக்கவில்லை, ஒரு திங்கட்கிழமைகூடத் தவறாமல் வேலைக்குப் போகிறார். தெருவில் அவரை மாதிரி ஒழுக்கமான மனுஷர் இல்லை, அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் நம் வீட்டைத் தேடி வந்தாள். பெயர் பத்மா, கோவிந்தராஜின் தங்கை. கையில் நான் எழுதிய அந்தக் கடிதம், மடிப்பில் எல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. தன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், வெளிநாடு போயிருப்பான், வருவான் என்று இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார்கள். இப்போது வீட்டைப் பாகம் பிரிக்க அவன் கையெழுத்து வேண்டுமாம், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம், தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எங்க அண்ணன் இருக்குதா இல்லியா, ரெண்டுல ஒன்னு சொல்லுங்கய்யா, எதுன்னாலும் நான் தாங்கிக்கிறேன் என்றாள். மழையில் நனைந்திருந்தாள். அம்மா துண்டு கொடுத்தாள். நான் சொல்லிவிட்டேன், இருந்த இடத்திலேயே, ஒன்று விடாமல். அந்த டோக்கனையும் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கொள்ளி வெச்சது யாரு என்று கேட்டாள். துலுக்கானத்தின் தம்பி என்றேன். பூப் பல்லக்கு, மேளம், பதினாறு நாள் காரியம், எதிலும் குறை வைக்கவில்லை, தெருவே அழுதது, பெயர்தான் வேறு என்றேன். பாட்டும் உண்டு, பந்தலில் பதிந்த கேசட் துலுக்கானத்திடம் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் போய்த் துலுக்கானத்தைக் கூப்பிட்டேன், எதற்கு என்று கேட்காமல் டேப்ரெகார்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வழியில், வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போட்டுக் கேக்கறேன் அண்ணாத்தே, எம்பேரு வர்ற எடத்துல காதப் பொத்திக்கினு என்றார். ஏழு வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசிய முதல் பேச்சு அது. பத்மா முழுப் பாட்டையும் தலை குனிந்து கேட்டாள். முடிந்ததும், எங்க அண்ணன் குடிக்கும், மத்ததெல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்காங்க என்றாள். துலுக்கானம் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து அழுதார், அவள்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு அம்மா காலண்டரிலிருந்து உன் படத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.

நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவளுக்குச் சான்றிதழ் கிடைக்க வேறு வழி இல்லை. எனக்கு என்ன ஆகும் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை, இந்த மாதிரி முன்னால் யாரும் வந்ததில்லையாம். துலுக்கானமும் வருகிறார். ஒருவாட்டி செத்துட்டு வந்தவன் சாச்சி சொன்னா எடுபடும் அண்ணாத்தே என்கிறார். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே, கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். நீ பாட்டுக்கு வந்த கதையைச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. அது உன் பிழைப்பு. சொன்னால் முழுசாகச் சொல், அதற்கப்புறமும் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இரவு வெளியே போகும்போது கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொள், ஓட்டல் சாப்பாட்டில் காரத்தைக் குறை. உன் பாட்டும் நீயும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பத்மா தன் ஊரில் அண்ணனுக்குக் காரியம் வைத்திருக்கிறாள், மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டாளாம். அந்தப் பாட்டையே பெயரை மாற்றி நீ பாடி அனுப்ப முடியுமா, தன் அம்மா கேட்க வேண்டும் என்று கேட்டாள். கோவிந்தராஜ் என்ற பெயர் மெட்டில் உட்காருமா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். விவரம் கேட்டேன், சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவானாம், ஏற்றத்தில் இறங்கிக்கொள்ளச் சொல்ல மாட்டானாம், அவ்வளவுதான் அவள் சொன்னது. கேசட் வந்து சேராவிட்டாலும் பரவாயில்லையாம், பழையதையே போட்டுவிட்டு, துலுக்கானம் என்று வரும் இடத்தில் எல்லாம் அவள் எழுந்து நின்று அண்ணன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொள்வாளாம்.

இப்படிக்கு
உன் அப்பா
அப்பாவு