கிழங்குத் தோட்டத்துத் துவக்கு

நிரோஜனின் அப்பாவுக்கு,

மறியல் சிறையில் குளிருக்குக் கம்பளி கொடுத்தார்களா? இங்கே கருமாதிக் காரியத்தை உங்கள் தம்பி குறையில்லாமல் முடித்துவிட்டார்.

பன்றித் தொல்லைக்கு மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினீர்களே, அந்தக் கருமருந்துத் துவக்கு பொலிசில் இருக்கிறது. அதைக் கிழங்குத் தோட்டத்தில், கால் பட்டால் சுடும்படி கம்பி இழுத்துக் கட்டிய அன்று, லயத்து வரிசை முழுக்க வீடு வீடாகப் போய், "இருட்டுனா அந்தப் பக்கம் யாரும் போயிராதீங்க" என்று சொன்னீர்கள். கோர்ட்டில் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் குறுக்குவழியில் வந்தவனுக்குத்தான் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கோபமா என்று கேட்டு இனி எழுதாதீர்கள். அவன் பையில் உங்கள் அளவுக்கு ஒரு புதுச்சட்டை இருந்தது. இத்துடன் அனுப்புகிறேன். வழக்கு நாளில் அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அவனுடைய அம்மா