மேல் படியும் கீழ் படியும்

நவம்பர் 3, திங்கள்

வெயில். காற்றே இல்லை. மழைமானி காலி. ஆபீஸ் பதிவேட்டில் அதை மட்டும் எழுதினேன். மற்றதெல்லாம் இந்த நோட்டில்.

இன்று குவாரிப் பாறையில் வெட்டிய மேல் படியில் செடிகளை எண்ணினேன். நட்டது இருநூறு. உயிரோடு எழுபத்து மூன்று. புங்கன் பரவாயில்லை. நாவல் எல்லாம் குச்சி. வேம்பும் போச்சு. வேம்பையே சாகடித்தவன் இந்தச் செங்கல்பட்டுப் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

கீழ் படியை எண்ணவில்லை. தூரத்தில் இருந்து பார்த்தாலே போதும். பச்சை.

இந்தக் கல்குவாரியில் பதினான்கு வருடம் வெடிக்குழி போட்டவன் நான். குவாரியை மூடி, வெட்டிய இடத்தை மண் போட்டு மரம் வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு வந்தபோது மேனேஜர் மோகன் சார் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். "டேவிட், மேல் படி உன் பொறுப்பு" என்றார். கீழ் படிக்கு ஆள் கிடைக்கவில்லை. அதுவரை ஜல்லிக் கூடை தூக்கிக்கொண்டிருந்த ஜெயாவைச் சேர்த்தார்கள். ஜெயா என் பெண்டாட்டி. சிபாரிசு செய்ததும் நானே.

நவம்பர் 4

மந்தாரம். மழை இல்லை.

டீ நேரத்தில் தேவி. ஜெயாவோடு கீழ் படியில் வேலை செய்பவள். எல்லோர் முன்னாலும், "இன்னா அண்ணாத்த, ஒன் செடிங்கல்லாம் ரெஸ்ட்டு எடுத்துகினு கீதா?" சிரிப்பு. ஜெயாவும் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தாமலே இருந்திருக்கலாம்.

ஜூனில் நான் சிரித்தேன். நான் மெஷின் வைத்துப் பாறையில் மூன்றடிக் குழி எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெயா சணப்பும் கொள்ளும் விதைத்துக்கொண்டிருந்தாள்.

"மரம் நடச் சொன்னா மாட்டுக்குத் தீனி போடறியா?"

"மொதல்ல மண்ணு தேறட்டும்யா."

பூத்ததும் எல்லாவற்றையும் அறுத்து அங்கேயே போட்டு மூடினாள். சரிவுக்குக் குறுக்கே கல் வரிசை. அவள் தம்பியின் பட்டியிலிருந்து ஆட்டுப் புழுக்கை. அதன் பிறகுதான் கன்று நட்டாள். அதற்குள் ஆகஸ்ட் மழையில் என் குழிகளில் தண்ணீர் நின்று வேர் அழுகிவிட்டது.

அவளுக்கு நல்ல மண் கொட்டியிருப்பார்கள். இல்லை. ஒரே குவியல்தான். லாரி எண்ணி இறக்கியவன் நானே.

நவம்பர் 6

வாங்க வேண்டியது: சோப்பு, துவரம்பருப்பு, கம் பூட்ஸ் (என் அளவு).

பெரிய ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். என் படியில் நின்ற நேரம், ஒருவர் போன் பேசி முடித்த நேரம். கீழ் படியில் ஒரு மணிக்கும் மேல். போட்டோ வேறு. ஜெயா தலைப்பாகைத் துண்டை அவிழ்க்கப் போனாள். "அப்படியே இருங்கம்மா, அதுதான் நல்லா இருக்கு" என்றார் மோகன் சார்.

போகும்போது சொன்னார். திருக்கழுக்குன்றம் பக்கம் இன்னொரு குவாரி மூடுகிறார்களாம். அங்கே இந்த வேலைக்குச் சூப்பர்வைசர் ஒருவர் வேண்டும். "உங்க ரெண்டு பேருல ஒருத்தர்தான். மாசக் கடைசில சொல்றேன்."

மகள் ஷீலா மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். 'எங்க அம்மா வளர்த்த காடு.' கீழே ஒரு இதயம். என் படி போட்டோவின் மேல் ஓரத்தில் தெரிகிறது. வழுக்கைத் தலை மாதிரி.

நவம்பர் 8

லேசான தூறல்.

மோகன் சார் ஜெயாவிடம் அடிக்கடி பேசுகிறார் என்று தேவியிடம் ஒரு மாதிரி சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணாத்த, அந்தாளு ஆட்டுப் புழுக்க பத்திதான் பேசிகினு கீறாரு."

எனக்கும் தெரியும். பெண்டாட்டி மேல் சந்தேகம் என்றால் நாலு பேர் தோளில் கை போடுவார்கள். பெண்டாட்டி வைத்த செடி மேல் பொறாமை என்று யாரிடம் சொல்ல முடியும்?

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச். ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் நேராக ஜெயாவிடம் வந்தார். காம்பவுண்டு ஓரம் என்ன மரம் வைக்கலாம் என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். "பூவரசு வைங்க" என்றேன். பாஸ்டர் தலையாட்டிவிட்டு, "நீ இன்னாம்மா சொல்ற?" என்றார் அவளிடம். "பூவரசுதான்" என்றாள்.

எனக்காகச் சொன்னாள். அதுதான் எரிகிறது.

சங்கரா மீன் குழம்பு. நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து கடல் பக்கம் கறுப்பு. நாளை கனமழை என்று போனில் வந்தது.

என் படியின் ஓரத்தில் வாய்க்கால் இருக்கிறது. மேல் படியின் தண்ணீர் ஜெயாவின் படியில் விழாமல் அதில் ஓடி அந்தப் பக்கப் பள்ளத்தில் இறங்க வேண்டும். முப்பதடிக்கு மண் அடைத்துக் கிடக்கிறது. தூர் எடுப்பது என் வேலை.

மதியம் மோகன் சார் போன். "வாய்க்கால் தூர் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்."

யோசிக்காமல் வந்துவிட்டது. சரி, இப்போது எடுத்துவிட்டால் பொய் இல்லை என்று நினைத்தேன். மணி இரண்டு. ஐந்து வரை நேரம் இருந்தது. ஷெட்டில் உட்கார்ந்தேன். கீழே ஜெயா சரிவில் வெட்டிவேர் ஊன்றிக்கொண்டிருந்தாள், குனிந்த தலை நிமிராமல். மூன்று மணி. நான்கு. பதிவேட்டில் எழுதினேன்: வாய்க்கால் சுத்தம் செய்யப்பட்டது.

கிளம்பும்போது கேட்டாள். "வாய்க்கா ஓடுமாய்யா?"

"ஓடும்."

நவம்பர் 12

மழை. மழைமானி நிரம்பி வழிந்துவிட்டது, அளவு தெரியாது.

ஆறு மணிக்கே தேவியைக் கூட்டிக்கொண்டு ஜெயா குவாரிக்கு ஓடிவிட்டாள். நான் போனபோது வாய்க்கால் உடைத்துக்கொண்டு என் படியின் தண்ணீர் முழுவதும் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. பழுப்பாக, சத்தமாக. கீழ் படியின் நடுவில் ஒரு ஆள் ஆழத்துக்குப் பிளவு. கன்றுகள் வேரோடு பள்ளத்துத் தண்ணீரில் மிதந்தன.

பார்த்ததும் மனசு லேசாயிற்று. ஒரு நொடிதான். இங்கேகூட இதை எழுதாவிட்டால் நான் மனுஷன் இல்லை.

அடுத்த நொடி ஜெயாவைப் பார்த்தேன். பிளவின் ஓரத்தில் கல் வரிசையைப் பிடித்தபடி, இடுப்பளவு சேற்றில். கால் வைத்த மண் சரிந்து பத்தடி உருண்டிருக்கிறாள். இன்னும் பத்தடி உருண்டிருந்தால் பள்ளம். அதன் ஆழம் எனக்குத் தெரியும். தோண்டியவன் நான்.

தேவியும் நானும் கயிறு போட்டு இழுத்தோம். வலது மணிக்கட்டு முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. ஆட்டோவில் வரும்போது ஒரே கேள்வி: "எத்தன கன்னு போச்சி?"

நவம்பர் 13

தூறல்.

மோகன் சார் பிளவைப் பார்த்தார். பதிவேட்டையும் பார்த்தார். "நீ தூர் எடுத்தும் தாங்கலை. இவ்வளவு மழையை யார் எதிர்பார்த்தா? யார் மேலயும் தப்பு இல்லை." என் தோளைத் தட்டினார். "அவங்களுக்குக் கை இப்படி ஆயிடுச்சு. திருக்கழுக்குன்றத்துக்கு உன் பேரைத்தான் எழுதணும் போல."

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. மதியச் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 15

வெயில் எட்டிப் பார்த்தது.

ஜெயாவுக்குத் தலை வாரிவிட்டேன். கோணல் வகிடு. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"செவ்வாக்கெழம சாய்ந்தரம் ஷெட்டுல ஒன் மம்முட்டியப் பாத்தேன். ஒட்டன மண்ணுகூட இல்ல. தூரு எடுத்த மம்முட்டியா அது?"



"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டனே. ஓடும்னு சொன்ன. புருஷன் சொல்றானே, ஓடும்னு வுட்டுட்டேன்."

அடுப்பில் பால் பொங்கியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"பொறாமன்னா வாயத் தொறந்து சொல்லு. நானும் ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போறேன். தண்ணிய ஏன்யா என் மேல தொறந்து வுடற?"

அழவில்லை அவள். நான்தான்.

"எனக்கு பொறாமையா கீது" என்றேன். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. சொன்ன பிறகும் பொறாமை அப்படியே இருந்தது.

"தெரியும். பின்னல முடி."

நவம்பர் 17, திங்கள்

மோகன் சார் வந்ததும் சொல்லிவிட்டேன். தூர் எடுக்கவில்லை என்று. பதிவேட்டில் அந்த வரியை அடித்து, மேலே 'எடுக்கவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

அடித்த வரியை அவர் விரலால் தொட்டுப் படித்தார். பிறகு, "ஏன்?" என்றார்.

"அவ படி நல்லா வந்துச்சு சார்."

திட்டியிருந்தால் தேவலை. பதிவேட்டை என் முன்னாலிருந்து எடுத்துத் தேவியிடம் கொடுத்தார். மழைமானிக் கூண்டுச் சாவியும். திருக்கழுக்குன்றம் ஜெயாவுக்கு, கை சரியானதும். அதுவரை இங்கே இரண்டு படிக்கும் அவள்தான் பார்வை. "நீ அவங்க சொல்ற வேலையைச் செய்யணும். முடியுமா?"

முடியும் என்றேன்.

நவம்பர் 20

பிளவை நிரப்பும் வேலை. மண் சுமந்து முதுகு விட்டுப்போச்சு. ஜெயா பிளாஸ்டிக் நாற்காலியில், குடையோடு. கல் வரிசைக்கு மேலே இருந்த கன்றுகளில் பாதிக்கு மேல் தப்பித்திருக்கின்றன.

சாயந்தரம் மேல் படிக்கு ஏறி வந்தாள். முதல் தடவை. தண்ணீர் நின்ற என் குழி ஒன்றில் குச்சியை விட்டுப் பார்த்தாள்.

"அடியில பாற. தண்ணி எங்க போவும்? கம்ப்ரசர் வச்சி அடியில ஒரு துள போடு. வெடிக்குழி போடறாப்புல. தண்ணி எறங்கிடும்."

பதினான்கு வருடம் பாறையில் துளை போட்டவனுக்கு இது தோன்றவில்லை. மறுபடி அதே பொறாமை. வாயைத் திறந்தேன்.

"இது எனக்குத் தோணி இருக்கணும்."

"ஆமா, தோணி இருக்கணும்" என்றாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. எப்படியோ அது நன்றாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

நல்ல வெயில். துளை போட்டது நாற்பத்தொன்று.

இன்றுமுதல் வருகைப் பதிவு ஜெயாவிடம். எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதினாள், நாக்கைக் கடித்தபடி. என் பெயர் வந்தது. 'ட' உருண்டு 'வி' மேல் ஏறிக்கொண்டது. யார் பெயர் என்று எனக்கே தெரியவில்லை.

அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா வேடிக்க? எட்டு மணிக்கு மேல வந்தா அர நாளுதான்னு எழுதுவேன், புருஷன்லாம் பாக்க மாட்டேன். போ."

போனேன்.