கதவோரம் இருந்த ஷூ

கோபமா பஸ் ஏறிப் போன அப்பாவுக்கு,

"பரீட்சை முடியட்டும், அப்புறம் ஓடு"ன்னு சொல்லி, விடுதி அறைக் கதவோரம் இருந்த ஷூவைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டீங்க. இப்ப சொல்றேன், ஓடுறதை நிறுத்த மாட்டேன்.

போன பருவத்துல மூணு வாரம் காய்ச்சல்னு போன்ல சொன்னேனே, அது காய்ச்சல் இல்லப்பா. உடம்பு சுடவே இல்ல. எழுந்து பல்லு விளக்குறதே மலையா இருந்துச்சு. அதுக்கு மேல கேக்காதீங்க.

என் அறைத்தோழிதான் ஒருநாள் போர்வையை உருவினா. "கேட் வரைக்கும் வா, போதும்"னா. மறுநாள் தண்ணித்தொட்டி வரைக்கும். இப்ப தினமும் காலையில மைதானத்தை ஆறு சுத்து ஓடுறோம். வந்து குளிச்சதும் கை தானா புத்தகத்தைத் தேடுது. நீங்க சொல்ற இந்த வெட்டி வேலை வந்த பிறகுதான், கோட்டை விட்ட ரெண்டு பாடத்தையும் மறுபடி எழுதித் தேறினேன்.

"ஓடினா மார்க் வருமா?"ன்னு கேட்டீங்க. படுத்துக் கிடந்தப்போ வரலையே.

இன்னொண்ணு. நீங்க எடுத்துட்டுப் போனது என் ஷூ இல்ல, அவளோடது. என்னோடது கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்கு. நாலு நாளா அவ ரப்பர் செருப்புல என் பக்கத்துல ஓடுறா. "அப்பா பாவம், திட்டாம எழுது"ங்கிறா.

அதைப் பார்சல்ல அனுப்பிடுங்க. உங்க பொண்ணைக் கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போனது அந்த ஷூதான்.

உங்க பிடிவாதம் அப்படியே வாய்ச்ச
மகள்