மருந்தை முறிக்கும் கீரை

நாள் 212 / 09:10
சரக்குக் கலம் நெய்தல், வியாழன் வழி. பதிவு: வடிவாம்பாள், பயிர்ப் பிரிவு. ஆட்கள் இருவர். கீரைப் பாத்தி நலம்.
மாலுமி சகாயராஜ் அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. அவர் இதயத்தில் உலோக வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. வியாழனுக்குப் போக வால்வில்லாத இளைஞர்கள் விண்ணப்பிக்கவில்லை. மருத்துவ இயந்திரம் அவருக்குத் தரும் கீரையையும் எடைபோட்டுத்தான் மாத்திரையின் அளவை வைக்கிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை. தாவரவியலில் முனைவர் பட்டம் இருக்கிறது.

நாள் 213 / 08:00
மஞ்சள், பூண்டு, இஞ்சி. ஆய்வகத்தில் சாறு இறக்கினேன். வீட்டுக் கஷாயத்தைவிட இருபது மடங்கு செறிவு. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். பத்தியம்: கீரை கூடாது, மருந்தை முறித்துவிடும்.
உள்தொடர்பில் அண்ணாச்சி: "ஏட்டி வடிவு, இதக் குடிச்சா முட்டிவலி போவுமா, உசுரு போவுமா?"
நான்: "குடிச்சிட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."
இயந்திரம் தினமும் கேட்பது: "வேறு மருந்து ஏதேனும்?" "இல்ல" என்றார். பொய்யில்லை. கஷாயத்தை யார் மருந்தென்பார்கள்?

நாள் 231 / 10:30
அண்ணாச்சி: "ஏணியில ஏறிட்டேன்ட்டி! ஒன் பட்டத்துக்கு இப்பத்தான் ஒரு பிரயோசனம்."
ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். அவர் பங்குக் கீரையை நானே தின்கிறேன். தட்டு காலியாகத் திரும்புவதால் இயந்திரத்துக்கும் திருப்தி.
பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதாம். பிரஷ்ஷை மாற்றச் சொன்னேன்.

நாள் 249 / 14:20
அண்ணாச்சி கதவு விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார். சிறு வீக்கம். "கதவுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று சிரித்தார்.

16:05
வாந்தி. பேச்சு குழறுகிறது. மண்டைக்குள் ரத்தக் கசிவு.
இயந்திரம்: "மாத்திரை சரி. கீரை சரி. வேறு மருந்து ஏதேனும்?"
அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. அவள வையாத."
இயந்திரம் கதிர்வீச்சையும் காற்றழுத்தத்தையும் சோதிக்கப் போனது. நான் கட்டுரையை அழித்துக்கொண்டிருந்தேன்.

17:40
சொன்னேன்.
இயந்திரம்: "கஷாயம் என்ற பெயர் என் மருந்துப் பட்டியலில் இல்லை. மஞ்சள், பூண்டு, இஞ்சி: மூன்றும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. கீரை?"
"நான் தின்றேன்."
17:44க்கு மாத்திரையை முறிக்கும் ஊசி. உள்ளே என்ன என்று கேட்டேன். கே வைட்டமின், ரத்தத்தை உறையவைப்பது. கீரையில் இருப்பது. முறிக்கத்தான் செய்யும். நான் முறிக்க வேண்டாமென்று விலக்கியது அதைத்தான்.

19:10
சகாயராஜ், வயது 58. 

நாள் 260 / 08:00
மண்டலம் முடிந்தது.
இறப்புப் படிவத்தில் நான் கையெழுத்திடும்வரை விதிப்படி அவர் உயிரோடிருக்கிறார். தினம் இரண்டு தட்டு வருகிறது. அவருடையதில் கீரை, எடை பிசகாமல்.
காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். திருப்பி அனுப்பியது: "ஆள் பெயர் ஏற்கப்படாது. மருந்தின் பெயர் தேவை."
பத்தியம் சொன்ன அன்று கஷாயத்தை மருந்தென்று சொன்னது நான். கேள்வி வந்தபோது மருந்தில்லையென்று—

08:04
இயந்திரம்: "மாலுமி சகாயராஜ், வேறு மருந்து ஏதேனும்?"
இருக்கிறது அண்ணாச்சி, இருக்கிறதென்று சொல்லுங்க