கையுறை போட்டு அரைத்த சட்னி

என் பிரியத்துக்குரிய ராசாத்தி அக்காவுக்கு,

நேற்று நம் மெஸ்ஸில் மறுபடியும் சுகாதார வகுப்பு நடந்தது. மதியத்தோடு கடையை அடைத்து, எங்கள் பதினொரு பேரையும் ஹாலில் உட்கார வைத்தார்கள். காலையிலேயே கைகழுவும் இடத்துக்குப் புது சோப்பு பாட்டில் வந்துவிட்டது. நாம் போகும் கக்கூஸில் வழக்கம்போல ஒன்றுமில்லை.

"வயித்தால போனா சமையல் வேலை பாக்கறவங்க என்ன செய்யணும்?" என்று வகுப்பெடுத்த பெண் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"வேலைக்கு வரக்கூடாதுங்க. நின்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வரணுமுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வருஷ வகுப்பில் இதே பதிலைச் சொன்னது நீங்கள்தானே, அக்கா?

சொன்னதோடு நிற்காமல் அப்படியே நடக்கவும் பார்த்தீர்கள். அந்த நிச்சயதார்த்த ஆர்டர் அன்று அடுப்படிக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றீர்கள். "விடிஞ்சதுலேர்ந்து ஆறு தரம் போயிட்டனுங்க. சட்னிக்கு வேற ஆளப் போடுங்க, நான் ஊட்டுக்குப் போறனுங்க" என்றீர்கள்.

மேனேஜர் சத்தம்கூடப் போடவில்லை. "இன்னைக்கு ஒருநாள் பாத்துக்கங்க அம்மணி. கையுறை போட்டுட்டு அரைச்சுப்போடுங்க. போறதுன்னா நாளையிலிருந்து வர வேண்டாமுங்க." நம் ஊர் மரியாதை அது. கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' போடும்.

அரைத்தீர்கள். நடுவில் மூன்று தரம் வெளியே ஓடினீர்கள். ஒவ்வொரு தரமும் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவினீர்கள். சாயங்காலம் கிரைண்டர் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தீர்கள். இரண்டாம் நாள், அந்த விருந்தில் சாப்பிட்டவர்கள் வரிசையாக வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். நான்காம் நாள், பெரியாஸ்பத்திரியில், சிறுநீரகம் நின்றுபோய் நீங்கள் போய்விட்டீர்கள்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் மேனேஜர் சொன்னார்: "அந்தம்மா மறைச்சுப்போட்டாங்க சார். படிப்பறிவு இல்லீங்க." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, "உனக்கு எதுவும் தெரியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறென்ன சொல்வேன்? அதற்கப்புறம் ஊரே உங்கள் மகள் கவிதாவிடம், உன் அம்மாதான் அத்தனை பேருக்கும் நோயைக் கொடுத்தாள் என்றது.

நேற்று அந்தக் கைதட்டல் அடங்கியதும் எழுந்து நின்றேன். "ராசாத்தி அக்காளும் இதத்தான் சொல்லுச்சுங்க. முடியலைன்னு சொல்லியும் நிக்க வெச்சாங்க. நான் கண்ணால பாத்தனுங்க." வகுப்பெடுத்தவர் எழுதுவதை நிறுத்தினார். "அத அப்புறம் பேசிக்கலாமுங்க" என்றார் மேனேஜர். பிறகு நகம் வெட்டுவது பற்றி வகுப்பு தொடர்ந்தது. போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் என்னை இனி வர வேண்டாம் என்றார்கள். மற்ற பத்துப் பேரும் தலையைக் குனிந்து பாத்திரம் துடைத்தார்கள். அவர்களை நான் எந்த வாயால் குறை சொல்வது?

இன்று காலை கருமத்தம்பட்டிக்குப் போய்க் கவிதாவைப் பார்த்தேன். "உங்கம்மா மறைக்கல கண்ணு. போறேன்னு கேட்டுச்சு. மேனேஜருதான் போக விடல" என்றேன். அவள் அழவில்லை. "இத அன்னைக்கே ஏனுங்க சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். உங்களிடமாவது பதில் இருக்கிறதா, அக்கா?

திங்கட்கிழமை அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போகிறேன். நடந்ததை எழுதி, என் பெயரைப் போட்டுக் கொடுப்பேன். நான் பொய் சொன்னதையும் சேர்த்தே எழுதுவேன். கவிதா கூட வருவாளா, தெரியவில்லை. வராவிட்டாலும் போவேன்.

மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாத
உங்கள் தங்கச்சி,
மல்லிகா