புளி மண்டியில் நீ நீட்டிய தாள்

ஆலங்காயம் பஸ்ஸில் இன்று பீடி நெடி. கல்லூரிப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவரிடம், "அணைச்சிடுங்கண்ணா, மூச்சு முட்டுது" என்றாள். அவரும் வெளியே எறிந்துவிட்டார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. எனக்குத்தான் உன் நினைவு வந்து, ஊர் வரும்வரை தலை நிமிரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நம் இருவருக்கும் பத்தொன்பது வயது. மலையிலிருந்து வந்திறங்கும் புளியை மண்டியில் உட்கார்ந்து கொட்டை எடுப்போம். ஈரக்காற்று பட்டால் புளி கறுத்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். எடை போடும் என் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் உள்ளேயே பீடி பிடிப்பார்கள். உனக்கோ சிறு வயதிலிருந்தே இளைப்பு. தாவணியால் மூக்கைப் பொத்தியபடியே வேலை செய்வாய்.

ஒருநாள் நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாய். பீடி பிடிக்கிறவர்கள் வெளியே போய்ப் பிடிக்க வேண்டும், அதைத்தான் கேட்டிருந்தாய். மற்ற பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். கடைசியில் என்னிடம் நீட்டினாய்.

"உங்க அண்ணன்தானேடி. நீ போட்டா கேப்பாரு."

"இன்னா பேசறே? வூட்ல என்னைச் சும்மா வுடுவாரா?"

நீ கோபப்படவில்லை. தாளை மடித்துக்கொண்டு நேரே மண்டிக்காரரிடம் போனாய்.

"முட்டுதுன்னா வூட்லயே இரு" என்றார் அவர். நாளையிலிருந்து வேலையில்லை என்றும் சொன்னார். நான் குனிந்து புளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, சோறு போடும்போது அண்ணனிடம் சொன்னேன். "அவளுக்கு நெஜமாவே முடியலண்ணா."

சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

மறுநாளிலிருந்து அவர் வெளியே போய்ப் பிடித்தார். மற்ற இருவரும் அவர் பின்னால் போனார்கள். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மண்டிக்காரரிடமும் அண்ணனே பேசினார். உன்னிடம் சொல்ல ஓடி வந்தேன். கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவள், இளைப்புக்கு நடுவே சிரித்தாய். "அப்போ திங்கக்கெழமை வர்றேன்டி."

அந்தத் திங்கட்கிழமைதான் உன்னைப் பாடையில் எடுத்தார்கள்.

அதன்பிறகு ஒன்பது வருஷம் அங்கே வேலை செய்தேன். உள்ளே யாரும் பீடி பற்றவைக்கவில்லை. புதிதாக வந்த பெண்கள், அந்த மண்டி எப்போதுமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். உன் பெயரை ஒருமுறைகூட அவர்களிடம் நான் சொன்னதில்லை. சொன்னால், நான் செய்ததையும் சொல்ல வேண்டுமே.